அத்தியாயம் 6: குழுவுக்கு ஓர் ஏஐ நோட்புக்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் நான்கைந்து பையர்கள். மெர்ச்சண்டைசிங் பிரிவில் ஏழெட்டுப் பேர். ஒவ்வொரு பையரும் தர மேனுவல், பேக்கிங் மேனுவல், லேபிள் விதிகள், தடை செய்யப்பட்ட வேதிப்பொருள்களின் பட்டியல் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களை அனுப்பியிருப்பார். சீசனுக்குச் சீசன் அவற்றில் திருத்தம் வரும். சில திருத்தங்கள் மெயிலில் வரும், சில வாட்ஸ்அப்பில் வரும், சில வீடியோ காலில் வாய்மொழியோடு நின்றுவிடும். இவ்வளவையும் மனத்தில் வைத்திருப்பவர் பிரிவில் மூத்தவர் ஒருவர்தான். புதிதாகச் சேர்ந்த பெண் அவரிடம்தான் போய்க் கேட்பார்.

"அண்ணா, இந்த பையருக்கு சுருக்கம் எவ்வளவு வரைக்கும் விடுவாங்க?"

"மேனுவல்ல 5 பர்சென்ட்னு போட்டிருக்கும் கண்ணு. ஆனா லைக்ரா கலந்த துணிக்குப் போன சீசன்ல 7 வரைக்கும் ஒத்துக்கிட்டாங்க. மெயில் இருக்குது, தேடிப் பாரு."

5 சதவீதம் என்பது எழுத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 7 சதவீதமும் எழுத்தில்தான் இருக்கிறது, ஆனால் யாருடைய மெயில் பெட்டியில், எந்த மாதத்தில் என்று தெரியாது. அந்தச் சலுகை ஏன் கிடைத்தது, ஒரு ஸ்டைலுக்கு மட்டுமா, லைக்ரா துணி எல்லாவற்றுக்குமா என்பது எங்குமே எழுதப்படவில்லை. ஏஐ நோட்புக் முதல் பதிலை நொடியில் தரும். மெயிலையும் சேர்த்துவைத்தால் இரண்டாவதையும் தரும். மூன்றாவதை யாராவது உட்கார்ந்து எழுதினால் ஒழிய எந்தக் கருவியாலும் தர முடியாது. கருவியைப் பழக ஒரு மதியம் போதும். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி எதை உள்ளே வைப்பது, எதை எழுதிவைப்பது, யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றித்தான் பேசுகிறது.

கருவி எது, எப்படி வேலை செய்கிறது

இங்கே எடுத்துக்காட்டாகக் கூகுளின் நோட்புக்எல்எம்-ஐ வைத்துக்கொள்வோம். 2023 மே மாதம் 'புராஜெக்ட் டெயில்விண்ட்' என்ற பெயரில் இது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் இப்போதைய பெயர் வந்தது. 2024 ஜூனில் 200-க்கு மேற்பட்ட நாடுகளுக்குத் திறந்துவிட்டார்கள். இதை உருவாக்கிய குழுவில் ஸ்டீவன் ஜான்சன் என்ற நூலாசிரியரும் இருந்தார். குறிப்புகளைக் குவித்து வைத்துக்கொண்டு எழுதுகிற ஒருவரின் பழக்கம் இதன் திரையிலேயே தெரியும்: ஒரு பக்கம் ஆவணங்கள், நடுவில் கேள்வியும் பதிலும், இன்னொரு பக்கம் எடுத்துவைத்த குறிப்புகள். மைக்ரோசாஃப்ட்டின் கோபைலட் நோட்புக்ஸ், நோஷன் ஏஐ போன்றவையும் இதே வேலையைச் செய்கின்றன. அலுவலகத்தில் ஏற்கெனவே எந்த மெயில் சேவை ஓடுகிறதோ அதன் கருவியைப் பிடித்துக்கொள்வது நல்லது. இதற்காக எல்லோரையும் வேறு இடத்துக்குக் குடிமாற்றத் தேவையில்லை.

பொதுவான சாட்பாட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சாட்பாட் உலகத்தில் படித்ததையெல்லாம் வைத்துப் பதில் சொல்லும். நோட்புக் நீங்கள் கொடுத்த ஆவணங்களுக்குள் தேடி, பொருத்தமான பகுதிகளை எடுத்து, அவற்றை வைத்துப் பதிலை எழுதும். தேடி எடுத்து எழுதவைக்கும் இந்த முறைக்குப் பெயர் கொடுத்து ஃபேஸ்புக்கின் ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று பணியிட ஏஐ பெரும்பாலும் அதன் மீதுதான் நிற்கிறது. பதிலின் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் சிறு எண் ஒன்று நிற்கும். அதைத் தொட்டால் எந்த ஆவணத்தின் எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்று காட்டும்.

அந்த எண்ணைத் தொட்டுப் பார்ப்பதைக் குழுவின் கட்டாயப் பழக்கமாக்குங்கள். ஆதாரம் காட்டுவதாலேயே பதில் சரி என்று ஆகிவிடாது. சட்ட ஆராய்ச்சிக்காகவே விற்கப்படும் ஏஐ கருவிகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024-ல் சோதித்தார்கள். தங்கள் சொந்தத் தீர்ப்புத் தொகுப்புகளுக்குள் தேடிப் பதில் சொல்லும் அந்தக் கருவிகளும் 17 முதல் 33 சதவீதக் கேள்விகளுக்குப் பிழையாகச் சொன்னதைக் கண்டார்கள். இல்லாத தீர்ப்பை உண்டாக்குவது ஒரு வகைப் பிழை. இருக்கிற தீர்ப்பையே காட்டி, அதில் இல்லாததை இருப்பதாகச் சொல்வது இன்னொரு வகை. இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் எண் இருக்கிறதே என்று நம்பிவிடுவோம். கட்டிங் டேபிளில் துணி விரித்த பிறகு தெரியவரும் பிழைக்கு ஆகும் செலவோடு பார்த்தால், எண்ணைத் தொட்டுப் பத்தியைப் படிக்கும் அரை நிமிடம் ஒன்றுமில்லை.

ஒரு நோட்புக்கில் எவ்வளவு

முதலில் வரும் ஆசை, கம்பெனியில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே நோட்புக்கில் கொட்டிவிடுவது. அப்படிச் செய்யாதீர்கள். ஒரு பையருக்கு ஒரு நோட்புக் என்பதுதான் மெர்ச்சண்டைசிங்குக்குச் சரிப்படும்.

காரணத்தை ஓர் எண்ணைக் கொண்டே பார்க்கலாம். அசோ சாயங்களிலிருந்து பிரியக்கூடிய தடை செய்யப்பட்ட அமீன்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் விதி வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 30 மில்லிகிராம். ஓக்கோ-டெக்ஸ் 100 சான்றிதழ் கேட்கும் எல்லை 20. இரண்டு ஆவணமும் ஒரே நோட்புக்கில் இருந்து, "அசோ எல்லை என்ன?" என்று மொட்டையாகக் கேட்டால் 30 வரலாம், 20 வரலாம், இரண்டும் சேர்ந்து வரலாம். மூன்றுமே ஆதாரத்தோடு வரும். எது இந்த ஆர்டருக்குப் பொருந்தும் என்பது பையரைப் பொறுத்தது. அந்த ஒரு பையரின் மேனுவல் மட்டும் உள்ளே இருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை.

சட்டங்கள், சான்றிதழ் விதிகள், கம்பெனியின் சொந்த நடைமுறைகள் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு பொது நோட்புக் வையுங்கள். ஷிப்மென்ட் ஆவணங்களுக்கு இன்னொன்று வேண்டியிருக்கலாம். இலவசக் கணக்கில் ஒரு நோட்புக்குக்கு 50 ஆவணங்கள், ஒவ்வொன்றிலும் 5 லட்சம் சொற்கள் வரை சேர்க்கலாம் என்பதுதான் நெடுநாளாக இருந்துவரும் வரம்பு. ஒரு பையருக்கு இது தாராளம். 50 போதவில்லை என்றால் பெரும்பாலும் பழைய சீசன் காகிதங்களையும் ஏற்றிவிட்டீர்கள் என்றே பொருள்.

உள்ளே என்ன போகலாம்

வேலையின் பாதி இங்கேதான் இருக்கிறது, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

நோட்புக்குக்கு எது நடப்பு, எது காலாவதி என்று தானாகத் தெரியாது. 2023 பேக்கிங் மேனுவலும் 2025 பேக்கிங் மேனுவலும் உள்ளே இருந்தால் இரண்டுக்கும் ஒரே மரியாதைதான். அட்டைப்பெட்டியின் அதிகபட்ச எடை ஒன்றில் 15 கிலோ, மற்றதில் 12 கிலோ என்று இருந்தால், பழைய பத்தி கேள்வியின் சொற்களோடு நன்றாக ஒத்துப்போகிறபோது 15 என்றே பதில் வரும். ஆகவே புதியது வந்த அன்றே பழையதை எடுத்துவிட வேண்டும். தூக்கிப்போட மனமில்லை என்றால் 'பழைய கட்டு' என்று தனி நோட்புக் வைத்து அதில் போடுங்கள். கிளெய்ம் வரும்போது அந்தக் காலத்தில் எந்த விதி இருந்தது என்று பார்க்க உதவும்.

கோப்பின் பெயரைக் கருவிக்குப் புரிகிற மாதிரி வையுங்கள். 'ஸ்கேன் 0043', 'புதிய ஃபைனல் ஃபைனல்' என்றெல்லாம் இருந்தால் ஆதார எண்ணைத் தொட்டுப் பார்க்கிறவருக்கும் ஒன்றும் விளங்காது. பையரின் குறியீடு, ஆவணத்தின் வகை, நடைமுறைக்கு வந்த மாதம், ஆண்டு ஆகிய நான்கும் பெயரில் இருக்கட்டும்.

பிடிஎஃப்பில் இரண்டு இனம் உண்டு. கணினியிலிருந்து நேராக உருவானதில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். ஸ்கேன் செய்தது வெறும் படம். அதிலிருந்து எழுத்தைக் கருவி படித்தெடுக்க முயலும், பல சமயம் முடியும், மங்கலான பக்கத்தில் தவறும். ஏற்றியவுடன் நடுப்பக்கம் ஒன்றிலிருந்து உங்களுக்குத் தெரிந்த ஒரு வரியைக் கேட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் அந்த ஆவணம் உள்ளே இருந்தும் இல்லாதது போலத்தான்.

டெக் பேக்கில் (ஆடையின் டிசைன், அளவு விவரங்கள் அடங்கிய பையரின் கோப்பு) வரும் அளவு அட்டவணை தனிப் பிரச்சினை. மார்புச் சுற்றளவு, தோள், கை நீளம் என்று வரிசைகளும் எஸ், எம், எல் என்று பத்திகளுமாக இருப்பதை உரையாக மாற்றும்போது எண்கள் இடம் மாறக்கூடும். எம் சைஸுக்கு எல் சைஸின் அளவு வந்தால் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது, ஏனென்றால் அது நம்பும்படியான எண்ணாகத்தான் இருக்கும். எனவே அளவுகளை நோட்புக்கில் கேட்கவே கூடாது என்று விதி வையுங்கள். அளவு வேண்டுமானால் டெக் பேக்கைத் திறக்க வேண்டும். துணி எத்தனை கிலோ வாங்குவது போன்ற கணக்குகளுக்கும் இதே விதிதான்: அவை எக்செல்லில் நடக்கட்டும்.

தமிழ் ஆவணங்கள் வைத்திருப்போர் கட்டாயம் கவனிக்க வேண்டியது எழுத்துரு. நிலையாணைகள், பாதுகாப்புச் சுற்றறிக்கைகள், தொழிலாளர்களுக்கான விடுப்பு விதிகள் எல்லாம் பல ஆலைகளில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் பார்த்தால் அழகான தமிழ். கணினிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த கூளம். அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். ஏஐ அந்தக் கூளத்தைத்தான் படிக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது, ஆனால் அலுவலகக் கணினிகளில் பழைய கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. சோதிப்பது எளிது. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு. கூளமாக வந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். மாற்றியதையும் ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள். ஒற்றெழுத்துகளும் கொம்புகளும் அங்கங்கே புரண்டிருக்கும்.

வாட்ஸ்அப் குழுக்களில் விலைமதிப்புள்ள விஷயம் நிறைய இருக்கிறது, குப்பை அதைவிட நிறைய இருக்கிறது. உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதியைக் கொண்டு முழு அரட்டையையும் எழுத்துக் கோப்பாக எடுக்கலாம். அதை அப்படியே உள்ளே போட வேண்டாம். காலை வணக்கமும் ஃபோன் எண்களும் "ஓகே சார்"களும் மட்டும் அல்ல காரணம். "டார்க் ஷேட் எடுத்துக்கலாம்" என்று காலையில் சொல்லி, மாலையில் "வேண்டாம், நிறுத்துங்க" என்று சொல்லியிருப்பார்கள். தேடல் காலைச் செய்தியை மட்டும் எடுத்துவந்தால் நீங்கள் தப்பான ஷேடை அனுப்பிவிடுவீர்கள். அரட்டையிலிருந்து முடிவுகளை மட்டும் மனிதர் ஒருவர் எடுத்து எழுத வேண்டும். அதை எழுதுகிற இடம்தான் அடுத்து வருகிறது.

முடிவுப் பதிவேடு

நோட்புக்கில் இருக்கும் அத்தனை ஆவணங்களிலும் முக்கியமானது எது என்று கேட்டால், பையர் அனுப்பிய எதையும் நான் சொல்லமாட்டேன். உங்கள் குழு தன் கையால் எழுதும் முடிவுப் பதிவேட்டைத்தான் சொல்வேன். ஒரு கூகுள் டாக்ஸ் ஆவணம் போதும். ஒவ்வொரு முடிவுக்கும் நான்கைந்து வரி. இப்படி இருக்கும்:

12 மார்ச் 2025. ஸ்டைல் 4471, லைக்ரா கலந்த சிங்கிள் ஜெர்சி, 180 ஜிஎஸ்எம். நீளவாக்கில் சுருக்கம் 6.5 சதவீதம் வந்தது, மேனுவல் எல்லை 5. பையரின் தரப் பிரிவு 7 வரை ஏற்றுக்கொண்டது, மார்ச் 11 மெயில். காரணம்: துணி பையர் சொன்ன மில்லிலிருந்து வந்தது, மறு காம்பேக்டிங் செய்தால் ஷிப்மென்ட் தள்ளிப்போகும். இந்த ஸ்டைலுக்கு மட்டும். அடுத்த ஆர்டருக்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

கடைசி மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். மெயிலில் அவை இருக்காது. காரணமும் எல்லையும் எழுதப்படாத முடிவு, அடுத்த சீசனில் விதியாகத் திரிந்துவிடும். "போன முறை 7 விட்டாங்களே" என்று துணியை வெட்டிவிட்டு, இன்ஸ்பெக்ஷனில் மாட்டிக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது. இந்தப் பதிவு உள்ளே இருந்தால், புதிதாகச் சேர்ந்த பெண் கேட்கும்போது நோட்புக் 5 என்று சொல்லி, 7-க்குக் கிடைத்த சலுகையையும் அது ஒரு ஸ்டைலோடு முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும். மூத்தவர் விடுப்பில் இருந்தாலும் பதில் கிடைக்கும், அதுவும் அவர் சொல்லியிருப்பதைவிட முழுமையாக.

எழுதுவதை யார் செய்வது? முடிவு எடுத்தவரே, அன்றைக்கே. வாரக் கடைசியில் சேர்த்து எழுதலாம் என்று விட்டால் காரணம்தான் முதலில் மறந்துபோகும். எழுதச் சோம்பலாக இருந்தால் ஃபோனில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்து, எழுத்தாக்கி, சரிபார்த்து ஒட்டலாம். நடை முக்கியமல்ல.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே சென்று பார்த்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர், 1996-ல் வெளியான தம் நூலில் ஒன்றைக் காட்டினார். நிறுவனம் தந்த பழுதுநீக்கும் கையேடு பல கோளாறுகளுக்கு உதவவில்லை. அவர்களை வழிநடத்தியது உணவு வேளைகளில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பழுதுக் கதைகள். பின்னர் ஜெராக்ஸ், பழுதுபார்ப்பவர்களே தங்கள் கண்டுபிடிப்புகளை எழுதி, சக ஊழியர்களே சரிபார்த்துச் சேர்க்கும் 'யுரேகா' என்ற அமைப்பை உருவாக்கியது. எழுதியவரின் பெயர் ஒவ்வொரு குறிப்போடும் நின்றது. உங்கள் பதிவேட்டிலும் பெயர் நிற்கட்டும். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியும், எழுதியவருக்கும் அது ஒரு கௌரவம்.

வேலையை விட்டுப் போகிறவரிடம் இதையே நேர்காணலாகச் செய்யுங்கள். "உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள்" என்றால் இரண்டு பக்கத்துக்கு மேல் வராது. அவர் பார்த்த ஆர்டர்களில் ரிஜெக்ட் ஆனவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: அன்று என்ன நடந்தது, முதலில் யாரைக் கூப்பிட்டீர்கள், பையர் பக்கத்தில் யார் இளகினார், யார் இளகவில்லை, இப்போது வந்தால் என்ன செய்வீர்கள்? ஒலிப்பதிவை நோட்புக்கிலேயே நேராக ஏற்றலாம், அது எழுத்தாக்கிக்கொள்ளும். கொங்குத் தமிழும் டெக்ஸ்டைல் ஆங்கிலமும் கலந்த பேச்சில் பிழை வரும் என்பதால், எழுத்தாக்கியதைப் போகிறவரே ஒருமுறை திருத்திக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

கேட்கும் முறை

ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தாலும் தமிழில் கேட்கலாம், தமிழிலேயே பதில் வரும். தங்லீஷில் தட்டினாலும் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். ஆனால் தொழில் சொல்லை ஆவணத்தில் உள்ளபடியே போட்டால் தேடல் கூர்மையாகும். "துணி முறுக்கிக்கொள்வது" என்பதைவிட "ஸ்பைராலிட்டி" என்றால் சரியான பத்தி உடனே கிடைக்கும்.

கேள்வியில் ஸ்டைல், துணி வகை, எந்த நிலை என்பவற்றைச் சொல்லுங்கள். "லேபிள் எங்கே வரும்?" என்பதற்குப் பதிலாக, "குழந்தைகளுக்கான ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டில் வாஷ் கேர் லேபிள் எந்தத் தையலில், கீழ் விளிம்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் வர வேண்டும்? ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இரண்டையும் காட்டு" என்று கேளுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பழக்கமாக்கிக்கொண்டால், மேனுவலுக்கும் டெக் பேக்குக்கும் இடையிலான முரண்பாடுகள் பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) போகும் முன்பே கண்ணில் படும். இந்தக் கருவியின் மிகப் பெரிய பயன் இதுதான் என்பது என் எண்ணம். விடை தேடுவதை ஒரு மனிதரும் செய்வார். 200 பக்க மேனுவலை 30 பக்க டெக் பேக்கோடு வரிக்கு வரி ஒப்பிட யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

நோட்புக்கின் அமைப்பில் நிலையான கட்டளை ஒன்றை எழுதிவைக்கலாம். சுருக்கமாக: ஆவணத்தில் இல்லாததை இல்லை என்று சொல், ஊகிக்காதே, எண்களை அலகோடு சொல், முடிவுப் பதிவேடு மேனுவலிலிருந்து மாறுபட்டால் அதைத் தனியாகக் காட்டு.

குழுவிடம் கொடுக்கும் முன் சோதனை வேண்டும். விடை தெரிந்த பத்துப் பதினைந்து கேள்விகளை மூத்தவர் ஒருவர் எழுதட்டும். "ஊசி உடைந்து ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும்?" போன்று தவறினால் பெரிய சேதம் வரும் கேள்விகளாக இருக்கட்டும். இரண்டு மூன்று கேள்விகளுக்கு ஆவணங்களில் விடையே இருக்கக் கூடாது. அவற்றுக்கு "இல்லை" என்று சொல்கிறதா, கதை கட்டுகிறதா என்பதை வைத்துத்தான் அதன் தரத்தை அறிய முடியும். மேனுவல் மாறும்போதெல்லாம் இதே கேள்விகளை மறுபடியும் போட்டுப் பாருங்கள்.

பகிர்வதும் பொறுப்பும்

பகிரும்போது ஒருவரைப் பார்வையாளராகவோ திருத்துநராகவோ சேர்க்கலாம். திருத்துநரால் ஆவணத்தைச் சேர்க்கவும் நீக்கவும் முடியும். எல்லோரையும் திருத்துநராக்கினால் ஒரு மாதத்தில் பழைய மேனுவல் மீண்டும் உள்ளே வந்துவிடும். ஒரு பையர் நோட்புக்குக்கு ஒரு பொறுப்பாளரும் அவர் இல்லாதபோது பார்க்க இன்னொருவரும் போதும். மற்றவர்கள் பார்வையாளர்கள். பொறுப்பாளர் கருவியில் கெட்டிக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த பையரின் மெயில் முதலில் யாருக்கு வருகிறதோ அவர்தான் பொருத்தம்.

ஒருவர் கேட்கும் கேள்வியும் வரும் பதிலும் அவர் திரையோடு நின்றுவிடும், அடுத்தவருக்குத் தெரியாது. நல்ல பதிலைக் குறிப்பாகச் சேமித்தால்தான் குழுவுக்குப் பயன்படும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சேமித்த குறிப்பை ஆவணமாக மாற்றும் வசதியும் உண்டு. ஏஐ எழுதிய பதிலை அப்படி மாற்றிவிட்டால், அடுத்த முறை அது தன் பழைய பதிலையே ஆதாரமாகக் காட்டும். முதல் பதிலில் ஒரு சிறு பிழை இருந்திருந்தால் இப்போது அதற்கு எண்ணும் கிடைத்துவிடும். மனிதர் படித்துத் திருத்திப் பெயர் போடாத எதையும் ஆவணமாக்கக் கூடாது.

கூகுள் டாக்ஸை இணைக்கும்போது உள்ளே போவது நகல் என்பதையும் நினைவில் வையுங்கள். பதிவேட்டில் புதிதாக எழுதியது நோட்புக்குக்கு வந்து சேர்ந்ததா என்பதைப் பொறுப்பாளர் ஒத்திசைத்துப் பார்க்க வேண்டும். நேற்று எழுதிய ஒன்றைப் பற்றிக் கேட்டாலே தெரிந்துவிடும்.

வெளியே போகக் கூடாதவை

2023-ல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் மென்பொருள் நிரல்களைச் சாட்ஜிபிடியில் ஒட்டிய செய்தி வெளிவந்து, அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. அவர்கள் யாரும் தீய எண்ணத்தில் செய்யவில்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைத்தார்கள். உங்கள் குழுவிலும் யாரோ ஒருவர் இதற்குள் தன் சொந்த ஜிமெயிலில் ஒரு நோட்புக் தொடங்கியிருக்கக்கூடும். அவரைத் திட்டுவதைவிட, கம்பெனிக் கணக்கில் முறையான ஒன்றைத் தொடங்கிக் கொடுப்பதுதான் வழி. சொந்தக் கணக்கில் இருப்பது அவர் வேலையை விடும்போது அவரோடு போய்விடும். நிறுவனத்துக்கான வொர்க்ஸ்பேஸ் கணக்கில், பதிவேற்றியதை மனிதர்கள் பார்ப்பதில்லை, ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்கவும் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் சொல்கிறது. சொந்தக் கணக்கில் கட்டைவிரல் பொத்தானை அழுத்திக் கருத்து அனுப்பினால், அந்த உரையாடலையும் பதிவேற்றியதையும் மனிதர்கள் பார்க்க நேரலாம்.

பையரோடு போட்ட ரகசிய ஒப்பந்தத்தை ஏற்றும் முன் எடுத்துப் படியுங்கள். வெளியாகாத டிசைன்கள் உள்ள டெக் பேக்கை மூன்றாம் தரப்புச் சேவையில் வைக்க அனுமதி உண்டா என்பதை மெயிலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். விலைப் பட்டியல், காஸ்டிங் ஷீட் ஆகியவற்றுக்குக் குழு நோட்புக்கில் இடமில்லை. தொழிலாளர்களின் ஆதார் நகல், சம்பளம், மருத்துவச் சான்று எதுவும் உள்ளே போகக் கூடாது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

முதல் மாதத்துக்குப் பிறகு

நோட்புக்எல்எம்மில் ஆவணங்களை இருவர் பேசிக்கொள்வது போன்ற ஒலித்தொகுப்பாக மாற்றலாம். 2024 செப்டம்பரில் ஆங்கிலத்தில் வந்த இந்த வசதி 2025 ஏப்ரலில் தமிழ் உட்பட 50-க்கு மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது. ஆங்கில மேனுவலைப் படிக்க இயலாத லைன் சூப்பர்வைசர்களுக்கு, ஊசிக் கட்டுப்பாடு, பேக்கிங் முறை போன்ற ஒற்றைத் தலைப்பில் பத்து நிமிடத் தொகுப்பு நல்ல அறிமுகமாக அமையும். தரப் பிரிவில் ஒருவர் முழுவதும் கேட்டு, எண்களைச் சரிபார்த்த பிறகே ஃபுளோருக்குப் போக வேண்டும். வேலை உத்தரவு எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

மாதம் முடிந்ததும் பொறுப்பாளர் ஒரு விஷயத்தைச் சேகரிக்கட்டும்: நோட்புக் "ஆவணங்களில் இல்லை" என்று சொன்ன கேள்விகள். கேட்டவர்கள் அவற்றை ஒரு பொது ஆவணத்தில் ஒட்டிவைத்தால் போதும். சுருக்கத்துக்கு யாரிடம் ஒப்புதல் வாங்குவது, மழைக்காலத்தில் டையிங் தாமதமானால் டெலிவரித் தேதியை எத்தனை நாள் முன்கூட்டிக் கேட்பது, லேப் டிப்பில் (சாயச் சோதனைத் துண்டில்) இரண்டு ஷேட் ஓகே ஆனால் எதை எடுப்பது என்பவை போல அந்தப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் நேரே, அலுவலகத்தில் விடை தெரிந்த ஒருவரின் பெயரை எழுதுங்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள், அவர் சொல்லச் சொல்ல இளையவர் ஒருவர் முடிவுப் பதிவேட்டில் தட்டட்டும், சொன்னவர் படித்துப் பார்த்துப் பெயர் போடட்டும். பிறகு நோட்புக்கை ஒத்திசைத்து, அதே கேள்வியை மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டு, பட்டியலில் அந்த வரியை அடித்துவிடுங்கள்.